வெட்டிய கொடித்தோடை

இங்கே கொடித்தோடைப் பூ, பாஷன் புரூட் பூ, மத்தியானத்தில்தான் விரிகிறது. இருபத்திரண்டு வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்கு வந்திருக்கும் எனக்கு இது இன்னும் பழகவில்லை. அங்கே எங்கள் வேலியில் நின்றது இதே இனத்தின் நீலப்பூக் கொடி. பழத்தை எதிர்பார்த்து யாரும் அதை வளர்ப்பதில்லை. காலையில் கோப்பியோடு வெளியே வந்தால் பூ விரிந்திருக்கும். இங்கே வெயில் உச்சிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பொழுதுபடுவதற்குள் மகரந்தம் ஒட்டாவிட்டால் பூ உதிர்ந்துவிடும்.

அந்த மத்தியானங்களுக்காகத்தான் என் மகள் நிவி அறையைவிட்டு வெளியே வந்தாள். பத்தொன்பது வயது. அங்கே போன குளிர்காலத்தில் அவள் உயிரை மாய்க்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் காப்பாற்றித் தந்தார்கள். வெயிலும் சொந்த மண்ணும் அவளைத் தேற்றும் என்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரிக்கெற் எடுத்தேன். மனைவி வேலையை விட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டாள். கனடாவிலுள்ள அண்ணையின் பூட்டிக் கிடந்த வீட்டில் இறங்கிய அன்றே, நிவியின் அறைக் கதவுக் கொண்டியைக் கழற்றிவிட்டேன்.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு மகேஸ் அக்கா. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பந்தல் போட்டுக் கொடித்தோடையைப் படரவிட்டவரும் அவர்தான். கருவண்டு வராத நாட்களில் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவ நிவிக்குக் காட்டிக்கொடுத்தார்.

"எடியே பெட்டை, ஊரிலை ஆக்களுக்கே புறோக்கர் கிடைக்கேல்லை. நீ பூவுக்குக் கலியாணம் பேசுறாய்!"

நிவி சிரித்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. குசினிக்குள் போய் நின்று அழுதேன். அன்றிலிருந்து மனைவி தொலைபேசியில் பிள்ளை எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டாள். "என்னப்பா, இண்டைக்கு எத்தினை பூ?" என்றுதான் கேட்பாள். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். அதற்குள் எல்லாம் இருந்தது.

மார்கழி மழை விடாமல் பெய்தது. இலைகள் மஞ்சளாகின, பூக்கள் குறைந்தன. நிவி பந்தலின் கீழ் குடையோடு நின்று பார்ப்பாள். கொடி செத்தால் பிள்ளை என்ன ஆவாள்?

ஜேர்மனியில் நாங்கள் கொடி வைத்த வருடம், முதல் குளிர் வந்தபோது, பக்கத்து வீட்டுக் கிழவர் பெரிய கத்தரிக்கோலோடு எங்கள் வளவுக்குள் வந்தார். கொடி தன் வேலிக்குத் தாவியதால் கோபமாக்கும் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் குனிந்து, நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு முழுவதையும் வெட்டி, வேரை வைக்கோலால் மூடினார். "வார்ட்டன். பிஸ் மாய்," என்றார். பொறு, மே மாதம் வரை. மே மாதத்தில் தளிர் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நானே வெட்டினேன், நானே மூடினேன். என் கைகளுக்கு அது பாடமாகிவிட்டது.

ஆகவே ஒரு காலையில், நிவி எழும்பமுதல், கொடியை ஒரு சாண் விட்டு வெட்டினேன். வைக்கோல் தேடி எடுத்து வந்து மூடினேன். அவளுக்காக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

மகேஸ் அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "தம்பி, உனக்கென்ன விசரே? பூவும் பிஞ்சுமா நிக்கேக்கை ஆரும் கொடியை வெட்டுவினமே?"

"குளிருக்கு வெட்டினால் திரும்பத் தளிர்க்கும், அக்கா."

"எந்தக் குளிருக்கடா? தண்ணி வடிய ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தால் காணும். உந்த வைக்கலுக்குக் கறையானெல்லோ ஏறப்போகுது!"

மத்தியானம் நிவி தூரிகையோடு வந்தாள். வெறும் பந்தலைப் பார்த்தாள்.

"ஏனப்பா என்னட்டைக் கேக்கேல்லை?"

அவள் கொடியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கியது. தூரிகையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கொண்டியில்லாத கதவுக்கு உள்ளே கதிரையை இழுத்து அணைகொடுக்கும் சத்தம் கேட்டது.

இப்போது தை பிறந்துவிட்டது. அவள் மத்தியானத்தில் வெளியே வருவதில்லை. சாப்பாட்டுக் கோப்பை பாதியோடு திரும்புகிறது. வைக்கோலை எடுத்து எறிந்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் அடிக்கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். பச்சை தெரிகிறதுபோலவும் இருக்கிறது, இல்லைப்போலவும் இருக்கிறது. பிறகு அவளுடைய கதவடியில் நின்று, கட்டில் கிறீச்சிடும்வரை காதைக் கொடுக்கிறேன்.

நேற்று மனைவி எடுத்தாள். "எங்கடை கொடிக்கு மேலை முழங்காலளவு ஸ்னோ. இஞ்சை எல்லாம் நித்திரை. அங்கை இண்டைக்கு எத்தினை பூ?"

"மூண்டு," என்றேன்.

கதவுக்கும் கொடிக்கட்டைக்கும் நடுவில் கதிரை போட்டு இருக்கிறேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே என்றால் மே மாதம் வரை பொறுக்கலாம். இங்கே எந்த மாதம் வரை என்று மகேஸ் அக்காவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.