மாமாவின் யோய்க்

நாங்கள் எங்கடின் என்ற சுவிஸ் மலைப்பள்ளத்தாக்கில் இருந்த காலத்தில் அப்பாவுக்கு ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் வேலை. அம்மா அதே ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினார். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, பிடிபட்டுவிட்டதால் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான். அந்தப் பதவியால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் குளிர்காலம் நோர்வேயின் வடக்கிலிருந்து ஒரு பாடகி வந்து எங்கள் ஹோட்டலில் ஒரு கிழமை தங்கினாள். சாமி இனத்தவள், கலைமான் மேய்க்கும் குடும்பம். அவர்களுடைய பாட்டுக்கு யோய்க் என்று பெயர். இவளோ அதை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, சிந்தசைசர் என்ற மின்வாத்தியம் வாசித்துப் பாடுகிறவள். அந்தப் பெட்டியைக் கண்டாலே ஊர்ப் பெரியவர்கள் ஏசுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுடைய அறையைக் கூட்ட அம்மா போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பாடகி தனக்குத் தெரிந்த டொச்சில் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். அம்மா யாரைப் பற்றிச் சொல்வார்? சண்டைக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் இருந்த தன் தம்பியைப் பற்றித்தான். மாமாவிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரனைக் கண்டால் அம்மா வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். பெயர் என்ன, ஆள் எப்படி என்று பாடகி கேட்டாள். பிரேக் இல்லாத சைக்கிளில் பறப்பான், பகிடியைச் சொல்லி முடிக்க முதலே தானே சிரித்துவிடுவான் என்றார் அம்மா. நான் டொச்சில் சொன்னேன். அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்தில் அவளுடைய கச்சேரி. வேலை செய்கிறவர்கள் பின்சுவரோடு நின்றோம். மூன்றாவது பாட்டு, இங்கே இல்லாத ஓர் இளைஞனுடையது என்று சொல்லிவிட்டு, சொற்களே இல்லாமல் அடிநெஞ்சிலிருந்து குரலெடுத்தாள். நடுநடுவே மாமாவின் பெயர் மட்டும் வந்தது.

எங்கள் ஊரில் ஒருவனின் பெயரைச் சொல்லி அப்படிக் குரலெடுப்பது செத்தவீட்டில் மட்டும்தான்.

அம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

"நிப்பாட்டச் சொல்லு பிள்ளை! என்ர தம்பி உயிரோட இருக்கிறான். ஆர் இவளை ஒப்பாரி வைக்கச் சொன்னது?"

"ஐயோ, வேலை போகப்போகுது" என்று அப்பா முனகினார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. ஆனாலும் மொழிபெயர்த்தேன். பாடகி பதறிப்போய் வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். தங்கள் ஊரில் குழந்தைக்கும் யோய்க் உண்டு, மலைக்கும் உண்டு என்றாள். ஒருவரைப் பற்றிப் பாடுவதில்லையாம், அவரையே பாடுவதாம். பாடினால் தூரத்தில் இருக்கிறவர் பக்கத்தில் வந்துவிடுவாராம். இந்தப் பாட்டும் இனித் தன்னுடையதல்ல, மாமாவுடையது என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அப்பிடியெண்டால் முதலில இருந்து பாடச் சொல்லு."

இரண்டாம் முறை எனக்கே சைக்கிள் இறக்கத்தில் பாய்வது கேட்டது. கடைசியில் முடியாத ஒரு சிரிப்பும் இருந்தது.

அதன் பிறகு கட்டில் விரிக்கும்போதும் கறி தாளிக்கும்போதும் அம்மாவுக்கு அதே பாட்டுத்தான். "கொம்மாவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று அப்பா பகிடி பண்ணுவார்.

பனி கரையத் தொடங்கியபோது கடிதம் வந்தது. கடிதம் வந்துவிட்டதே என்று நான் துள்ளினேன். ஆனால் அது மாமாவின் எழுத்தில்லை, பெரியப்பாவின் எழுத்து. அப்பா வாசித்துவிட்டு அம்மாவை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அம்மா பாடவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை பார்த்தேன். மெட்டு மறந்துபோய்விட்டது போல என்று நினைத்து, அவர் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று நானே எடுத்துக் கொடுத்தேன். சைக்கிள், இறக்கம், சிரிப்பு எல்லாம் வைத்துப் பாடினேன்.

"வாயை மூடடி!" என்று அப்பா பாய்ந்து வந்தார். அவர் என்னை அப்படி ஏசியதே இல்லை.

"விடுங்கோ" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல். "நீ முதலில இருந்து பாடு பிள்ளை."

பாடினேன். அம்மாவே மறந்துபோன பாட்டை நான் ஒரு பிசகும் இல்லாமல் பாடுகிறேனே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.