ஓவர் என்று ஒரு சொல்

யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று, இராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் பனங்காட்டை ஒட்டிக் கிடந்தது. அங்கே நான் வயர்லெஸ் ஆபரேட்டர். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் ஏர் ஓட்டும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. எனக்குக் கடலும் தெரியாது, கடற்கரைச் சனங்களின் வழக்கமும் தெரியாது. எப்போதாவது ஒரு விமானம் வரும். மற்ற நேரமெல்லாம் காதுக்குள் இரைச்சல்தான். போதாக்குறைக்கு எங்கள் அலைவரிசையில் கொழும்பு ரேடியோவின் சினிமாப் பாட்டு வேறு, கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஓர் ஐப்பசிக் காற்றில் வள்ளம் ஒன்று காணாமல் போனது. அதில் நான்கு பேர். இரண்டு நாளாகியும் தகவல் இல்லை என்றதும், எங்கள் தளத்திலிருந்து சின்ன விமானம் ஒன்று தேடக் கிளம்பியது. மீனவக் குடும்பங்கள் ஊரோடு திரண்டு வந்து என் அறை ஜன்னலுக்கு வெளியே நின்றன. முன்னால் நின்றவள் வள்ளக்காரனின் மனைவி. அவள் விரல்களில் ஜெபமாலை நகர்ந்துகொண்டிருந்தது. பாவம், அவர்களும் கேட்கட்டும் என்று எங்கள் அதிகாரி ஒலிபெருக்கியை வெளிப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

நெடுநேரம் கழித்து விமானியின் குரல் வந்தது. வள்ளம் தெரிகிறது, நான்கு பேர் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அதற்குப் பிறகு சொன்னதைப் பாட்டு விழுங்கிவிட்டது. கடைசிச் சொல் மட்டும் கணீரென்று விழுந்தது: "ஓவர்."

நடுவில் சொன்னது எனக்கும் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லும்படி கேட்டேன். நான் பேசிவிட்டேன், இனி நீ பேசு என்பதற்கு வயர்லெஸ்ஸில் 'ஓவர்' என்றுதான் முடிக்க வேண்டும். நானும் என் பங்குக்கு "ஓவர்" என்றேன்.

வெளியே நின்ற மாதா கோயில் உபதேசியாருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். "ஓவர்னா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்று அவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் எழுவதற்குள் ஒப்பாரி கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் விமானியின் பதில் வந்தது. நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், கை காட்டுகிறார்கள். அதை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

வெளியே ஓடினேன். அவளுடைய வளையல்கள் உடைந்து மண்ணில் கிடந்தன. அவள் கழுத்திலிருந்து கழற்றிய தாலி மாமியாரின் உள்ளங்கையில் இருந்தது. ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தியை விதவையாக்கிவிட முடியும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

"நாலு பேரும் உசுரோட இருக்காகம்மா" என்றேன்.

"பொய் சொல்லாதீக சார்" என்றாள் அவள். "அந்தச் சொல்ல நீங்களும்தான சொன்னீக."

அவளை ஜன்னலருகே அழைத்து நிறுத்திவிட்டு, செய்தியை இன்னொரு முறை நிதானமாகச் சொல்லும்படி விமானியைக் கேட்டேன். கடைசியில் 'ஓவர்' மட்டும் வேண்டாம் என்றேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார்; உபதேசியார் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார். நான்கு பேர். உயிரோடு. நலம். பிறகு, பழக்க தோஷம், "ஓவர்" என்றார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் பேசியது எதுவும் எடுபடவில்லை.

சாயங்காலம் அந்த வள்ளத்தை வேறொரு வள்ளத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். நானும் கரைக்குப் போயிருந்தேன். நான்கு பேரும் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் எட்டியே நின்றாள். உதடு வெடித்துப்போன அவள் புருஷன் தள்ளாடிக்கொண்டு வந்தான். வந்தவன் அவள் வெறுங்கழுத்தையும் கைகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். சுற்றி நின்ற முகங்களில் தன் தாயைத் தேடினான், பிள்ளைகளைத் தேடினான்.

"யாருடி செத்தா?" என்றான்.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான்" என்றாள்.