அரக்கு வைத்த புட்டி

நாலு வருஷம் எனக்குச் சோறு போட்டது என் மூக்கு. ஓசூருக்கு வடக்கே, மைசூர் ராஜ்யம் முடிந்து மெட்ராஸ் ராஜ்யம் தொடங்கும் இடத்தில் இருந்த மதுவிலக்குச் செக்போஸ்டில் நான் கான்ஸ்டபிள். அந்தப் பக்கம் கடையில் வைத்து விற்கிற சரக்கு இந்தப் பக்கம் வந்தால் குற்றம். வருகிற பஸ், லாரி, மாட்டு வண்டி எல்லாவற்றையும் நிறுத்தி, கண்ணில் படுகிற புட்டியையெல்லாம் திறந்து முகர வேண்டும். வார்னிஷ், டிஞ்சர், அரிஷ்டம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று எதையும் விட்டதில்லை. வீட்டுக்குப் போனால் ரசத்தின் வாசனை தெரியாது. காலை ஆறு மணிக்கு நிற்கத் தொடங்கினால் சாயங்காலம் ஆறு வரை நிற்க வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் ஏட்டையா உட்கார்ந்திருப்பார்.

அந்த மாதம் நான் ஏற்கெனவே ஒரு தப்பு செய்திருந்தேன். கஷாயம் என்று நம்பி நான் விட்ட ஒரு ஜாடி, கிருஷ்ணகிரியில் சாராயமாகப் பிடிபட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஜவளகிரிக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். பயந்துபோயிருந்தேன்.

நல்ல வெயிலில், பெங்களூர்ப் பக்கமிருந்து ஒரு தனி பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லாரும் நெட்டை நெட்டையான கறுப்பு மனிதர்கள். சூடான் தேசத்துப் புட்பால் டீம் என்றான் டிரைவர். பெங்களூரில் ஆடிவிட்டு, மறுநாள் மெட்ராசில் ஆட்டம், ரயிலில் இடம் கிடைக்காமல் பஸ்ஸில் போகிறார்களாம். சூடான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏட்டையாவுக்கும் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினார்.

அவர்களோடு ஒரு கிழவர் இருந்தார். ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிறவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பழுப்புப் புட்டி. மூடியைத் திறந்ததும் கற்பூரம் அடித்தது, அதற்கு அடியில் ஸ்பிரிட் மூக்கைக் குத்தியது.

டிரைவர் முதலில் கன்னடத்தில் கெஞ்சினான். "ஹோகலி பிடி சார்." பிறகு தமிழுக்கு வந்தான். "இவுங்க மதத்துல குடிக்கவே கூடாதாம் சார். காலுக்குத் தேய்க்கற தைலம் அது. விட்டுருங்க."

"நாளைக்கு மெமோ வந்தா உனக்குத்தான்யா வரும். எனக்கென்ன வந்துது," என்றார் ஏட்டையா, ஸ்டூலில் இருந்தபடியே.

புட்டி யாருடையது என்று கேட்டேன். எங்கள் எல்லாருடையதும் என்றார் அவர்களுடைய மேனேஜர், இங்கிலீஷில். எல்லாருடையதும் என்றால் எல்லாருடைய பெயரும் பறிமுதல் காகிதத்தில் வர வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. சற்று எட்ட இருந்த புளியமர நிழலில் அவர்கள் வரிசையாக உட்கார, ஒவ்வொருவரிடமும் பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில் கேட்டு எழுதினேன். எனக்கு ஐந்தாம் பாரம் இங்கிலீஷ்தான், ஆனாலும் சமாளித்தேன். பதினேழு பேர்.

ஒருவர் ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவர். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், எழுத்துக்கூட்டிச் சொல்லி என் பிழையைத் திருத்தினார். கோல் காக்கிறவர் பஞ்சுக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறவர், கை ஒவ்வொன்றும் முறம் அளவு. தையல்காரர் ஒருவர் என் சட்டையில் தொங்கிய பொத்தானைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். ஒரே தகப்பன் பெயரைச் சொன்ன இரண்டு பேரைப் பார்த்து அண்ணன் தம்பியா என்றேன். அண்ணன் தம்பிதான், ஆனால் பேச்சு வார்த்தை இல்லையாம். பந்தை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்வார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புட்பால் என்று ஒருவர்கூடத் தொழில் சொல்லவில்லை. ஏன் என்றேன். அது சாயங்காலத்து வேலை என்றார் மேனேஜர்.

கடைசி ஆளை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார வைத்தார்கள். சின்ன வயசு. வலது தொடை வீங்கியிருந்தது. அந்தத் தைலத்தைத் தேய்த்துத்தான் இரண்டு நாளாக நடக்கிறான், நாளைக்கு ஆடுவதும் அதை நம்பித்தான் என்றார் மேனேஜர். அவனைத் தவிர அந்த இடத்தில் ஓட ஆளில்லையாம்.

தொழில் கேட்டேன்.

"போலீஸ் கான்ஸ்டபிள்," என்றான்.

பேனா நின்றுவிட்டது. அவன் என் பூட்ஸைப் பார்த்தான்.

"தினம் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்?"

"பன்னிரண்டு."

"உட்கார விடமாட்டார்களா?"

"ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது."

அவன் சிரித்தான். "எங்கள் ஸ்டேஷனிலும் ஒன்றுதான்."

பிறகு மேனேஜரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அதுவரை உரத்துப் பேசிக்கொண்டிருந்தவர் அடங்கிப்போனார். என்ன சொன்னான் என்று கேட்டேன். இவருக்கு மேலே அதிகாரி இருக்கிறார், எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொன்னானாம்.

புட்டியின் வாயைத் துணியால் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை அழுத்தினேன். அப்போது அந்தக் கிழவர் வந்து இரண்டு கையையும் நீட்டினார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவனுக்குத் தேய்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று சைகை காட்டினார். சீல் வைத்தாயிற்று என்றேன். அரக்கு அப்போது ஆறக்கூட இல்லை. விரலால் வழித்திருந்தால் வந்திருக்கும்.

அவன் பஸ் படியில் ஏற முடியாமல் கையால் காலைத் தூக்கி வைத்து ஏறினான். எனக்கு ஒரு சலாம் வைத்தான். நான் பதிலுக்கு வைத்தேனா என்று ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். நாலே வரிதான் போட்டிருந்தார்கள். முதல் பாதியிலேயே ஒரு ஆட்டக்காரர் கால் வலியால் வெளியேற, மீதிப் பத்து பேரோடு ஆடி சூடான் தோற்றது. அந்தக் காலத்தில் ஒருவர் போனால் பதிலுக்கு இன்னொருவரை இறக்க விடமாட்டார்கள். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

பரிசோதனைக்குப் போன புட்டி ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் என் பையன் குப்புற விழத் தொடங்கிவிட்டான். கூடவே ஒரு கடிதம்: வலிக்குத் தேய்க்கும் தைலம், குடிக்கத் தக்கதல்ல, உரியவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கவும்.

"உன் முட்டிக்குத் தேச்சுக்கோய்யா. நல்ல தைலமாட்டம் இருக்குது," என்றார் ஏட்டையா.

நான் திறக்கவில்லை. ரிஜிஸ்டரை எடுத்தேன். பதினேழு பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில். விலாசம் என்கிற இடத்தில் பதினேழு முறை சூடான் என்று எழுதியிருந்தேன். ஒப்படைக்காததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லாருக்கும் எழுதுவதைத்தான் எழுத வேண்டியிருந்தது. உரியவர் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் வந்திருந்தான். என் எதிரே உட்கார்ந்து, வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு, தினம் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று என்னைக் கேட்டான்.