மழை நிற்காத காட்சி

எங்கள் தெரு மடத்தில் வருஷா வருஷம் குருபூஜைக்கு நாடகம் உண்டு. தறி நெய்கிற நாங்களேதான் வேஷம் கட்டுவோம். எழுதுவது நான். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஏதோ ஏகாம்பரநாதர் எழுத வைக்கிறார்.

போன வருஷம் ஸ்பெயின் தேசத்துப் பெண் ஒருத்தி எங்கள் மாடியில் தங்கி நெசவு கற்றுக்கொண்டிருந்தாள். அவள் சொல்வதைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் தமிழில் சொல்வாள். நான் நாடகம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தன் ஊரில் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இருந்த ஒருவரைப் பற்றி அவள் சொன்னாள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். கடையின் பின்னறையில் சிநேகிதர்கள் கூடுவார்களாம்; அங்கேயே நாடகம் எழுதுவாராம். அவர்கள் வீட்டில் பேசுவது கத்தலான் மொழி. ஆனால் மேடையில் பெரிய விஷயமெல்லாம் ஸ்பானிஷில்தான். கத்தலான் சிரிப்பு மூட்டத்தான் ஆகும் என்று அப்போது எண்ணம். அவரும் கேலி நாடகத்தில்தான் ஆரம்பித்தார். பிறகு அதே தெருப்பேச்சில் ஜனங்களை அழவும் வைத்தாராம்.

எங்களிடமும் அப்படித்தான். ராஜா, நாயனார், சாமி எல்லோருக்கும் செந்தமிழ். நாங்கள் பேசுகிற தமிழ் கோமாளிக்கு மட்டும்.

அந்த வருஷக் கதை, இந்தக் காஞ்சியிலேயே துணி வெளுத்துத் தொண்டு செய்த நாயனாருடையது. கிழ அடியார் ஒருவரின் ஒரே கந்தையை, பொழுது சாய்வதற்குள் தருவதாக வாங்கித் துவைத்துவிடுகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. மனசு தாளாமல் துவைகல்லில் தலையை மோதப் போகும்போது ஈசன் கை வந்து பிடிக்கும். மோதுமுன் அவர் பேசும் செந்தமிழ் வசனத்தை அடித்துவிட்டு எங்கள் பேச்சில் எழுதினேன்.

மடத்துத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "அந்த எடத்துல ஜனங்க சிரிச்சாங்கன்னா சிவ அபராதம்பா. யாரு தலையில உடியும் அது?"

என் தலையில் விடியட்டும் என்றேன். ஆனாலும் பயம் இருந்தது. கோயிலுக்குப் போனபோதெல்லாம், அந்த இடத்தில் யாரும் சிரித்துவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

நாடகத்தன்று கோமாளி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு உள்ளே போனான். நாயனார் வானத்தைப் பார்த்து, "இன்னா சாமி இது?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பஞ்சாட்சரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பொழுது போவுது. துணி காயல. கெழவரு நடுங்கிக்கினு ஒக்காந்துருப்பாரே, நான் இன்னா பண்ணுவேன்?"

சிரிப்பு நின்றது. தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டியிருக்கும்போது தூறல் விழுந்தால் எங்கள் வீடுகளில் எழும் குரல் அது. கை வந்து பிடிக்கும்போது பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தலைவர் எனக்கு விபூதி கொடுக்கும்போது சொன்னார்: "அடுத்த வருசம் கோமாளிக்கு வேற பேச்சு பாத்துக்கோபா. இத நாயனாரு எடுத்துக்கினாரு."