அத்தானின் குதிகால்

என் அக்கா ஓஸ்ஹில்டைக் கட்டிக்கொண்ட ஸ்வைனுங், பனி தள்ளும் டிராக்டர் ஓட்டுகிறவர். குளிர்காலம் முழுக்க எங்கள் ஹௌக்லி மலைச் சாலையைத் திறந்துவிடுவது அவர்தான். அதனால் ஊரே தன்னால்தான் நகர்கிறது என்று ஒரு நினைப்பு. தன் மேல் தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. என் வீட்டுத் தபால் பெட்டியை டிராக்டரால் இடித்துச் சாய்த்த அன்றும், பெட்டி சாலைக்கு ரொம்பக் கிட்டே நின்றது என்றுதான் சொன்னார்.

அவருடைய பனிச்சறுக்கு பூட்ஸ் நாற்பத்தைந்தாம் அளவு. அவர் அப்பாவுக்கும் நாற்பத்தைந்தாம். அந்த எண்ணைப் பரம்பரைச் சொத்து மாதிரி வைத்திருந்தார். கடைக்காரன் அளவு பார்க்கக் காலை வைக்கச் சொன்னபோது, "என் கால் எனக்குத் தெரியாதா?" என்று எகிறியவர். அந்த பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போடுவார். ஒன்று அவர் அம்மா பின்னியது, ஒன்று அக்கா பின்னியது. எங்கள் பக்கத்து ஆண்களைப் பிடித்த சனி இது. கால் நழுவினால் இன்னொரு காலுறை. அப்புறமும் நழுவினால் இன்னும் தடியாக ஒன்று. கம்பளி அமுங்கிப்போகும் என்பது மட்டும் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது.

டெலிமார்க் என்பது எங்கள் பக்கத்துப் பனிச்சறுக்கு முறை; அதில் குதிகாலைச் சறுக்குப் பலகையோடு பூட்டுவதில்லை. முழங்காலை மடக்கித் திரும்பும்போது பின்னங்காலின் குதிகால் பூட்ஸோடு சேர்ந்து மேலே எழும். அத்தானுக்கு பூட்ஸ் கீழேயே கிடக்கும், குதிகால் மட்டும் உள்ளே எழும்பி நிற்கும். பலகை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார்.

"குதிகால் தூக்கணும் குன்வோர். அதான் டெலிமார்க். நம்மாளுங்க கண்டுபிடிச்சதே அதுக்குத்தான்" என்பார் என்னிடம்.

"பூட்ஸோட சேத்துத் தூக்கணும் அத்தான்."

"உன் கால் சைஸுக்கு உனக்குப் பலகையே வேணாம். அப்படியே சறுக்கிட்டுப் போயிடலாம். நீ எனக்குச் சொல்ல வந்துட்ட!"

என் கால் பெரிசுதான். அக்கா கல்யாண விருந்தில் ஆரம்பித்த கேலி அது. அன்றிலிருந்து எந்த விருந்திலும் அவர் அதை விட்டதில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும்.

ஈஸ்டர் சனிக்கிழமை ஊரே மலைச்சரிவில் கூடும். காலையில் பெண்களும் மதியம் ஆண்களும் ஒவ்வொருவராகச் சறுக்கி இறங்குவார்கள். மூன்று ஈஸ்டர் தொடர்ந்து விழுந்தவன் அதற்குமேல் சறுக்கக் கூடாது; அடிவாரத்து வாஃபிள் கடையில் மாவு கரைக்க வேண்டும். அது எங்கள் ஊர்ச் சறுக்குச் சங்கத்தின் சட்டம். அத்தான் இரண்டு வருஷம் விழுந்தாயிற்று. மூன்றாவதாக விழுந்தால் தலை காட்ட முடியாது என்று அவருக்குக் கவலை. கடையை நடத்துகிறவள் நான் என்பதால் எனக்கும்தான் கவலை. ஆயுள் முழுக்க அந்த வாயை என் அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது?

அவரும் சும்மா இருக்கவில்லை. குதிகாலுக்கு அடியில் தக்கை வைத்தார். கால் இன்னும் மேலே ஏறி இன்னும் ஆடியது. முன் பக்கிள்களை இறுக்கினார். விரல்கள் நீலம் பாரித்தன, குதிகால் அதன்பாட்டுக்கு ஆடியது. கடைசியில் அக்கா அழாத குறையாகக் கூப்பிட்டாள் என்று போனேன்.

காலுறைகளை உரித்தேன். பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தை உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு விரல் நுனி முன்னால் முட்ட நிற்கச் சொன்னேன். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைந்தாலே அதிகம். என் கையே நுழைந்தது.

"இது பூட்ஸ் இல்ல அத்தான், படகு. இதுல எதை அடைச்சும் பிரயோஜனம் இல்ல. உங்க கால் நாப்பத்திமூணு."

"வாய மூடு."

"என் காலும் நாப்பத்திமூணுதான். என்னோடத போட்டுப் பாருங்க."

என் வீட்டுக்குக் கூட்டிவந்து எடுத்துக் காட்டினேன். என் பூட்ஸ் கத்தரிப்பூ நிறம். அதைப் பார்த்து அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனால் வாஃபிள் மாவையும் நினைத்திருப்பார். அதன் உள்ளுறை கால் வடிவத்துக்குப் படியட்டும் என்று என் அடுப்பில் சூடாக்கி, கணுக்கால் எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் கம்பளித் துண்டு ஒட்டி, மெல்லிய காலுறையோடு அவர் காலில் மாட்டினேன். குதிகாலைத் தரையில் இடித்துப் பின்னால் தள்ளவைத்து, கணுக்கால் பக்கிளை முதலில் இறுக்கினேன். ஆற விட்டோம். முழங்காலை மடக்கிப் பார்த்தார். குதிகால் அசையவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை வரவேண்டுமே! "அடுப்புச் சூடு நல்ல சூடு" என்றார்.

சனிக்கிழமை காலை நான் இறங்கி முடித்ததும் பூட்ஸ் கை மாறியது. மதியம் அத்தான் மேலே வந்து நின்றபோது அந்த இரண்டு ஜோடிக் காலுறைகளையும் பூட்ஸுக்கு மேலே இழுத்து மாட்டியிருந்தார். கத்தரிப்பூ ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை. விழாமல் இறங்கினார். அழகாகவே இறங்கினார், வயிறு எரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அக்கா கை தட்டிக்கொண்டே அழுதாள்.

நேராக என் கடைக்கு வந்தார். பின்னால் பாதி ஊர்.

"எப்படி ஸ்வைனுங், திடீர்னு?" என்று யாரோ கேட்டார்கள்.

"தக்கைதான். நானே வச்சேன். நாப்பத்தஞ்சு காலுக்கு அது போதும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நம்ம குன்வோர் காலுக்குத்தான் தக்கை பத்தாது. மரத்தையே வெட்டணும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் கையில் இருந்த வாஃபிளுக்குப் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து, மடித்து, அவரிடம் கொடுத்தேன்.

"சாப்பிட்டுட்டு பூட்ஸக் கழட்டிக் கொடுங்க அத்தான். என் பூட்ஸு. நான் சறுக்கிக்கிட்டே வீட்டுக்குப் போகணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மாவைக் கலக்கினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, காலுறைகளை உருவி, ஊர் பார்க்க அந்தக் கத்தரிப்பூ பூட்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் போட்டுவந்த ஷூ மலைமேலேயே கிடந்தது. பிறகு இரண்டு ஜோடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காலில் மாட்டிக்கொண்டு, பனியிலேயே நடந்து வீட்டுக்குப் போனார்.

நல்ல கம்பளி, துளிகூட நனையவில்லை என்று இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.