தூண் இல்லாத மாடி

இத்வால் பெவன் தச்சர். அவர் செய்த கதவுக்கும் கட்டிலுக்கும் சவப்பெட்டிக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் குறை சொன்ன வாய் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு கோடைகாலம் முழுக்க ஊரே பாடாய்ப் படுத்தியது. எல்லாம் சோவார் ஆலயத்து மாடியால் வந்த வினை.

சோவார் ஒன்றும் பெரிய கட்டடமில்லை. முதலில் ஒரு களஞ்சியத்தில் வைக்கோலுக்கு நடுவே கூடி ஜெபித்தவர்கள், பிறகு ஆற்றுக்கல்லைச் சுமந்து வந்து தாங்களே சுவர் எழுப்பினார்கள். நீளச் சுவரில் இரண்டு வாசல், நடுவே பிரசங்கபீடம். தாமதமாக வருகிறவர் போதகருக்குப் பக்கத்திலேயே நுழைந்து சபை முழுவதின் முகத்திலும் விழித்தாக வேண்டும். சோம்பேறிகளுக்கு அதைவிட நல்ல மருந்து உண்டா? போதகரின் குதிரைக்கும் அதே கூரையின் கீழ் லாயம். கூட்டம் பெருகிப் பிள்ளைகள் ஜன்னல் திட்டில் உட்காரத் தொடங்கிய பிறகுதான், பீடத்துக்கு எதிரே, உள்ளேயே பாதி உயரத்தில், ஆட்கள் உட்கார ஒரு மாடி கட்டச் சபை மூப்பர்கள் துணிந்தார்கள். வேலை தனக்கு என்றதும் இத்வாலுக்குத் தலைகால் புரியவில்லை.

திட்டப்படி மூன்று இரும்புத் தூண்கள். நடுத்தூண் சரியாக அவர் குடும்பம் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கு முன்னால் வந்தது. மனைவி லொவ்ரி விடுவாளா?

"நான் பிரசங்கம் கேக்க வர்றேனா, உங்க தூணைப் பாக்க வர்றேனா?"

இத்வால் இரண்டு நாள் தாடியைச் சொறிந்தார். கடைசியில் நடுத்தூணை விட்டுவிட்டு, உடைந்த கப்பலிலிருந்து வந்த தடித்த ஓக் மர உத்தரம் ஒன்றைக் குறுக்கே போட்டார்.

அவ்வளவுதான், மாவுமில் மெய்ரிக் வாயைத் திறந்தார். பெண்டாட்டி கண்ணுக்காகத் தூணை முழுங்கிவிட்டான், ஊர் ஊராகக் கூடிப் பாடும் பாட்டுத் திருநாளில் மாடியோடு அத்தனை பேரும் கீழே விழப்போகிறார்கள் என்று சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தார். மூப்பர்களுக்கும் உதறல் எடுத்தது. திருநாளன்று உத்தரத்தில் ஒரு கீறல் கண்டாலும் மாடியைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். பிறகு இத்வாலிடம் கோழிக்கூடு செய்யக்கூட யார் வருவார்கள்?

திருநாளும் வந்தது. சுற்றுவட்டார ஆலயங்கள் எல்லாம் திரண்டு வந்துவிட்டன! கல்குவாரி ஆட்களுக்கு என்ன பயம், கனத்த குரல்காரர்கள் எல்லாரும் மாடியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மாடிக்குக் கீழே மட்டும் பெஞ்சுகள் காலி. அங்கே லொவ்ரி தன்னந்தனியாக, தொப்பியும் தானுமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பாட்டு சூடு பிடித்துவிட்டால் கடைசி அடியை லேசில் விடமாட்டோம். மறுபடி, மறுபடி பாடுவோம். அன்றும் கடைசிப் பாட்டு அப்படித்தான் பற்றிக்கொண்டது. மேலே ஆணியடித்த பூட்ஸுகள் தாளம் போட, உத்தரம் கிறீச்சென்றது. சுண்ணாம்பு உதிர்ந்து லொவ்ரியின் தொப்பியில் விழுந்தது. வாசலோரம் நின்ற இத்வாலுக்கு உயிரே போய்விட்டது.

பாட்டு தணிந்தது. அப்பாடா என்று அவர் மூச்சு விட்டார். உடனே ஒரு பெண்குரல் அதே அடியை மறுபடி எடுத்தது. சபை பாய்ந்து பிடித்துக்கொண்டது. அது தணிந்ததும் திரும்பவும் அதே குரல், முன்னைவிட உரக்க. யாரென்று பார்த்தால் லொவ்ரி! வேண்டாம், வேண்டாம் என்று இத்வால் கையை ஆட்டினார். அவள் பீடத்தைப் பார்த்துக்கொண்டு பாடினாள். சுவரே அதிர்ந்தது. அப்படி ஒரு பாட்டைச் சோவார் அதற்குமுன் கேட்டதில்லை.

எல்லாம் ஓய்ந்ததும் மூத்த மூப்பர் ஏணி வைத்து ஏறி, உத்தரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்த்தார். மயிரிழைக் கீறல்கூட இல்லை என்று சத்தமாகச் சொன்னார். மெய்ரிக் இருமிக்கொண்டே வெளியே போனார்.

இத்வால் மனைவியிடம் ஓடினார்.

"உனக்குப் பைத்தியமாடி? விழுந்திருந்தா?"

லொவ்ரி தொப்பியிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினாள்.

"தூணை எடுக்கச் சொன்னது நான். உங்க உத்தரம் தாங்கும்னு ஊரே பாக்கட்டும்னுதான் விடாம பாடினேன். விழுந்தா முதல்ல என் தலையில விழட்டும்னுதான் இங்கே உக்காந்தேன்."

இத்வால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, விக்கி விக்கி அழுதார்.