மீரான் சுமந்த பெயர்

உத்தமபாளையத்திலிருந்து வரும், கரியை எரித்து ஓடும் பஸ் வழக்கத்திற்கு மாறாக மார்க்கையன்கோட்டையில் என் மருத்துவசாலை வாசலிலேயே நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "டாக்டர் மீரான் ராவுத்தர் மவுத்தாயிட்டாகய்யா. ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக" என்றார். துயரத்திற்கு முன்பாக என் நெஞ்சில் எழுந்தது ஒரு நிம்மதி: உண்மை அறிந்த ஒரே மனிதர் போய்விட்டார். அந்த நிம்மதிக்கு வெட்கப்பட்டே இதை எழுதுகிறேன்.

மீரானும் நானும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள்; பட்டணத்து மருத்துவப் பள்ளியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பிணத்தைத் தொடும் படிப்பு என்று என் தந்தையார் மறுத்தார். யாக்கை நிலையாமையைப் பாடிய செய்யுள்களை வரிசையாக ஒப்பித்து அவருடைய சம்மதத்தைப் பெற்றேன். "ஒருநா மனசு கலங்கினாலும் மூட்டையக் கட்டிட்டு வந்துரணும்" என்பது அவர் விதித்த நிபந்தனை. விடுதியிலும் அச்செய்யுள்களை இராகத்தோடு பாடி மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னேன். மீரான் மட்டும், "மாப்ளே, நாளைக்கு அங்கன வந்து பாடு, கேப்போம்" என்று சிரித்தார்.

மறுநாள் அறுப்புக் கூடத்தில் துணியை விலக்கினார்கள். கேட்பாரற்று இறந்த ஒரு முதியவள். ஒருவன் காரணமில்லாமல் சிரித்தான். பிறகு மீரானையும் என்னையும் தவிர எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். நான் அவளுடைய முன்கையைப் பார்த்தேன். பச்சை குத்திய கோலம். என் தாயாரின் கையிலும் அதே கோலம் உண்டு. கற்ற செய்யுள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. அந்தக் கையின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

உடலை அவமதிப்பவருக்கு அந்தப் பருவம் முழுதும் கூடத்தில் இடமில்லை என்று பேராசிரியர் முன்பே எச்சரித்திருந்தார். "யார்?" என்று அவர் திரும்பியபோது, மீரான் தம் தோள்துண்டால் அந்தக் கையைக் கோடு கோடாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தான் ஐயா" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். "ஒங்கப்பாரு ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவாக. எங்கத்தா நாலு வசவு வைவாக, அம்புட்டுத்தேன். விடு மாப்ளே, ஒங்காத்தா கைய நானும் பாத்திருக்கேன்ல" என்றார். துவைத்துத் தருகிறேன் என்று துண்டை வாங்கிக்கொண்டேன்.

அவர் என்னைவிட ஆறு மாதம் பிந்தித் தேறினார். அதைவிடக் கொடியது, 'வாந்தி மீரான்' என்ற பெயர் அவரோடு ஊருக்கே வந்துவிட்டது. அவர் மகளுடைய நிக்காஹ் விருந்தில், புது மருமகன் முன்னாலேயே ஒரு பழைய தோழர், "ஏலே வாந்தி, ஒன் ஆஸ்பத்திரியில நோயாளிக்கு ஒரு வாளி, ஒனக்கு ஒரு வாளியா?" என்றார். பந்தி முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மீரான் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்தப் பார்வையில் குறை ஏதும் இல்லாததுதான் இன்றுவரை என்னைச் சுடுகிறது.

அடக்கத்தன்று உள்ளே அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மகன் என்னருகே வந்து, "மாமா, அத்தா அம்புட்டுப் பயந்தவுகளா? எத்தன ரணத்தக் கழுவியிருக்காக, நான் பாத்ததே இல்லையே" என்றார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். "எல்லாருக்கும் முதல் நாள் அப்படித்தான், தம்பி" என்றேன். இறைவன் கொடுத்த கடைசி வாய்ப்பையும் இழந்தேன்.

நாள்தோறும் துதிப் பாடல்களைப் பாடும் இந்த வாய் அன்று சொல்லாததை இப்போது கை எழுதுகிறது. மீரானுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் துண்டுதான். எத்தனை முறை துவைத்தும் திருப்பிக் கொடுக்க முகமில்லாமல் பூசைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். இனி அது அவர் மகனிடம் இருக்கட்டும். அவரை அந்தப் பெயரால் அழைத்த அன்பர்களே, அது என் பெயர். எஞ்சிய நாளெல்லாம் அதனாலேயே என்னை அழையுங்கள்.